பதினேழு நாள் வராதவள்

தனுஜா பதினேழு நாள் பள்ளிக்கு வரவில்லை என்று கடிதம் வந்தது. அந்தப் பதினேழு நாளும் தனுஜா பள்ளியில்தான் இருந்தாள். இரண்டாவது வரிசையில், சன்னலோரமாக, பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் காலணியோடு.

கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் அவள் அம்மா திலகா. முப்பத்து நான்கு வயது. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து, அதே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, அதே தோட்டத்தில் வேலைக்கும் சேர்ந்தவள். கொழுந்து பறிப்பது அவள் அம்மாவோடு போயிற்று. இப்போது அதை இயந்திரமும் வெளிநாட்டுப் பையன்களும் பார்த்துக்கொள்கிறார்கள். திலகாவுக்குத் தோட்டத்தின் உச்சியில், சுற்றுப்பயணிகளுக்காகக் கட்டிய தேநீர்க் கடையில் வேலை. கீழே வெயிலில் வெந்துவிட்டு வரும் கோலாலம்பூர்க்காரர்கள் செடிகளுக்கு நடுவே நின்று கொழுந்து பறிப்பதுபோல் படம் எடுத்துக்கொண்டு, அரைக் கோப்பைத் தேநீரை மிச்சம் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த அரைக் கோப்பைகளைக் கழுவுகிறவள் திலகா. கணவன் லோகேஸ்வரன் கோலா தெர்லாவிலிருந்து கீழே முட்டைக்கோசு ஏற்றிப் போகும் லோரி ஓட்டுகிறான். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் தூங்குவான். பேசுவதற்குத் தனியாக ஒரு நாள் இன்னும் ஒதுக்கவில்லை.

தனுஜா ஒரே பிள்ளை. ஒன்பது வயது, மூன்றாம் ஆண்டு. உப்பு எடுத்துவரச் சொன்னால் அடுக்களைக்குள் போவாள். போகிற வழியில் நாற்காலி ஒன்று கோணலாகக் கிடக்கும், அதை நிமிர்த்துவாள். நாற்காலிக்கு அடியில் ஒரு பொத்தான் கிடக்கும். கால்மணி நேரம் கழித்துப் பொத்தானும் கையுமாகத் திரும்பி வந்து, "எதுக்கும்மா கூப்பிட்ட?" என்பாள். அவளுக்குள் ஒரு மேதை ஒளிந்திருக்கிறான் என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். அப்படிச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போகிறவர்களையும் திலகா நிறையப் பார்த்துவிட்டாள்.

ஆறுதல் சொல்கிறவர்களாவது குடித்தவுடன் போய்விடுவார்கள். புத்தி சொல்கிறவர்கள் போவதே இல்லை. பக்கத்து வீட்டுச் செல்லம் அக்கா, கைப்பேசியால் வந்த வினை என்றார். சொல்லும்போது அவர் கைப்பேசியில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் மந்திரித்த கயிறு கொண்டுவந்து கட்டினார். தனுஜா அதை ஒரே பாடவேளையில் பிரித்து நூல் நூலாக்கி மேசைக் காலில் சுற்றிவைத்தாள். திலகாவின் நாத்தனார் பூச்சோங்கிலிருந்து போன் போட்டு, "ரோத்தான் பிரம்பு ஒண்ணு வாங்கி மாட்டு அண்ணி, அடிக்கக்கூட வேணாம், கண்ணு முன்னால தொங்கினா போதும்" என்றாள். நாத்தனாருடைய இரண்டு பையன்களும் அப்படித் தொங்கலில் வளர்ந்தவர்கள்தான். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் சண்டை போடுவார்கள்.

உருப்படியாகப் பேசியவர் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பார்த்த இளம் டாக்டர் அம்மா ஒருவர்தான். காதைச் சோதித்தார், கண்ணைச் சோதித்தார், அரைமணி நேரம் பிள்ளையோடு விளையாடினார். பிறகு, இது கவனக் குறைபாடு, பிள்ளையின் திமிரும் இல்லை, தாயின் குற்றமும் இல்லை என்றார். "தூரத்துல இருந்து கூப்பிட்டா அவளுக்கு உள்ள போகாது. கிட்ட போய்த் தோளைத் தொட்டுக் கூப்பிடுங்க. ஒரு நேரத்துல ஒரு வேலை மட்டும் சொல்லுங்க. சன்னல் பக்கம் உக்கார வைக்க வேணாம்னு பள்ளிக்கூடத்துக்கு எழுதித் தரேன்." கீழே ஈப்போவில் சிறப்பு மருத்துவரைப் பார்க்கவும் நாள் வாங்கிக் கொடுத்தார். அது ஐந்து மாதம் கழித்து.

அந்தக் கடிதத்தைத் திலகா தலைமையாசிரியர் நாகரத்தினத்தின் கையிலேயே கொடுத்தாள். அவர் வாசித்தார், தலையசைத்தார், மருத்துவ விடுப்புக் கோப்பில் போட்டு மூடினார். ஆஸ்பத்திரிக் கடிதம் வேறு எந்தக் கோப்பில் போகும்?

நாகரத்தினம் சாதாரணத் தலைமையாசிரியர் அல்லர். அவருடைய தாத்தா இதே தோட்டத்தில் கங்காணி. அந்தக் காலத்தில் விடிகாலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். கங்காணி ஒரு தடவைதான் கூப்பிடுவார். பதில் வரவில்லையென்றால் ஆள் வரவில்லை, அவ்வளவுதான். எதிரே நின்று மூச்சுவிட்டாலும் வரவில்லைதான். திலகாவின் அம்மா ஒருநாள் பெயர் கூப்பிட்ட நேரத்தில் இருமிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வேலையில்லாமல் வீட்டுக்குத் திரும்பிவந்து மறுபடியும் இருமினார். இந்தக் கதையைத் தோட்டத்தில் பாதிப் பேர் வயிற்றெரிச்சலோடு சொல்வார்கள். பேரன் நாகரத்தினம் மட்டும் பெருமையோடு சொல்வார்.

பெருமையோடு நிறுத்தியிருக்கலாம். 'ஒரே அழைப்புத் திட்டம்' என்று பெயர் வைத்துப் பள்ளிக்குள் கொண்டுவந்துவிட்டார். காலை ஏழரைக்குப் பெயர் ஒரே ஒரு தடவை கூப்பிடப்படும். மாணவர் எழுந்து "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் வந்தவர், சொல்லாவிட்டால் வராதவர். வாசலில் பதாகை கட்டியிருந்தது: 'ஒரே அழைப்பு! ஒரே மூச்சு! முழுக் கவனம்!' அதில் நாகரத்தினத்தின் முகம் பள்ளிக்கூடத்தை விடப் பெரியது. திட்டம் தொடங்குமுன் மாணவர் கவனம் அறுபது விழுக்காடாம். தொடங்கிய மூன்றே மாதத்தில் நூறு. வந்திருக்கிற அத்தனை பேரும் முதல் அழைப்பிலேயே பதில் சொல்கிறார்கள். சொல்லாதவர்கள்தான் வரவே இல்லையே!

மொத்தப் பள்ளிக்கும் இருபத்து மூன்று பிள்ளைகள். இருபத்திரண்டு பேர் இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டார்கள். மிச்சம் ஒரு பிள்ளைக்கு முதல் கடிதம் போயிற்று, பத்து நாள் வரவில்லை என்று.

அந்த முதல் கடிதத்தைப் படித்ததும் திலகா செய்த காரியத்தைச் சொல்லாமல் விட்டால் அது அவளுக்குச் சலுகை காட்டியதாகிவிடும். கையில் இருந்த கரண்டியாலேயே பிள்ளையை அடித்தாள்.

"பள்ளிக்கூடம் போறேன்னு எங்கடி போற? சொல்லு! எவன் தோட்டத்துல ஸ்ட்ராபெரி பொறுக்குற?"

"பள்ளிக்கூடம்தாம்மா போறேன்!"

"இன்னும் பொய்யா?"

சாட்சிகள் இல்லாமல் இல்லை. பள்ளி வேன் ஓட்டும் காளிமுத்து, "வேன்ல ஏறுறா, எறங்குறா, கேட்டுக்குள்ள போறா. அதுக்கு அந்தாண்ட பறந்து போனா நான் என்னா பண்ண முடியும்லா?" என்றார். செல்லம் அக்காவின் பேத்தியோ, "என் பின்னாலதான் ஆண்ட்டி உக்காந்திருக்கா, என் சடையைப் பிடிச்சு இழுக்குறா" என்றாள். பிள்ளைகள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காது என்று செல்லம் அக்கா தீர்ப்புச் சொன்னார். திலகாவும் ஒத்துக்கொண்டாள். முத்திரை குத்தின காகிதம் ஒரு பக்கம், நேரில் பார்த்த இரண்டு பேர் ஒரு பக்கம். தோட்டத்தில் பிறந்தவளுக்கு எதை நம்புவது என்பதில் குழப்பமே வரவில்லை. மேலே இருப்பவன் நீ வரவில்லை என்று எழுதினால் நீ வரவில்லை. அதைச் சொல்லிச் சொல்லிக் கசந்துபோன குடும்பத்துப் பெண், தன் பிள்ளை விஷயத்தில் கங்காணி பக்கம் போய் நின்றாள்.

இரண்டாவது கடிதத்தில் எண்ணிக்கை பதினேழு. மூன்றாவது வந்தால் பள்ளியிலிருந்து பெயர் எடுக்கப்படும் என்று கடைசி வரியில் இருந்தது. லோகேஸ்வரனுக்குப் போன் போட்டாள்.

"பேரை எடுத்துட்டா வேற எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துக்குவான்? படிக்க வராத பிள்ளைன்னு எழுதியில்ல அனுப்புவான்?"

"நீ ஒருநாள் லீவு போட்டுப் போய்ப் பாருலா," என்றான் அவன், பின்னால் லோரிகள் ஹாரன் அடிக்க. கல்யாணம் ஆனதிலிருந்து அவன் சொன்ன வார்த்தைகளிலேயே உருப்படியானது அதுதான்.

மறுநாள் புதன்கிழமை திலகா வேனுக்குப் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் போனாள். பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. தனுஜா இறங்கினாள். ஒரு நாயைப் பார்த்து நின்றாள். காளிமுத்து ஹாரன் அடித்ததும் உள்ளே போனாள். திலகா வகுப்பின் பின்பக்கம் போய்க் கண்ணாடிச் சன்னலோரம் நின்றாள். ஒன்றாம் ஆண்டிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை ஒரே அறை. ஆசிரியை யுவனேஸ்வரி, போன வருடம் வேலைக்கு வந்த சின்னப் பெண், கைப்பேசியைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டாள். ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து "உள்ளேன்" என்றது.

"தனுஜா லோகேஸ்வரன்."

தனுஜா தன் காலணியின் நாடாவை மேசை ஓட்டை வழியாக நுழைக்கும் பெரிய வேலையில் இருந்தாள். யுவனேஸ்வரி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு குனிந்து கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினாள். அடுத்த பெயருக்குப் போனாள்.

பதினெட்டாவது நாள்.

திலகா நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், என் பிள்ளை வந்திருக்கா சார். என் கண்ணால பாத்தேன்."

நாகரத்தினம் பெரிய மனதோடு சிரித்தார். "உக்காருங்கம்மா. வந்திருக்கிறது உடம்பு. மனசு வந்திருக்கா? நம்ம திட்டத்தோட தத்துவமே அதுதான்."

"தத்துவம் கெடக்கட்டும் சார். பத்து மணிக்கு நாசி லெமாக் குடுக்குறீங்களே, அதை உடம்பு தின்னுதா மனசு தின்னுதா?"

"உணவு வேற, கல்வி வேற."

"டாக்டர் லெட்டர் குடுத்தேனே சார். தோளைத் தொட்டுக் கூப்பிடச் சொல்லி."

"ஒரு பிள்ளையைத் தொட்டுக் கூப்பிட்டா, அது ரெண்டாவது அழைப்பு ஆயிடும்மா. திட்டம் என்னாகிறது?" அவர் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை மேலிடத்துல இருந்து ஒரு அதிகாரி வர்றாரு, திட்டத்தைப் பாக்க. பிடிச்சிருந்தா மத்தப் பள்ளிக்கூடங்களுக்கும் எடுத்துட்டுப் போவாங்க. நீங்க ஒண்ணு பண்ணுங்க. அன்னைக்கு மட்டும் பிள்ளையை அனுப்பாதீங்க. ஏற்கெனவே வராத பிள்ளைதானே, இன்னொரு நாள் வராம இருந்தா என்ன ஆயிடப்போவுது? மூணாவது கடிதத்தை நான் பாத்துக்கிறேன்."

பேரம் அதுதான். ஒரு நாள் பிள்ளையை ஒளித்துவைத்தால் பெயர் பிழைக்கும். திலகா "சரி சார்" என்றாள். பழக்கதோஷம். அந்த அறையில் அவளுடைய பரம்பரைக்கே வேறு வார்த்தை தெரியாது.

வியாழன் முழுக்கக் கோப்பை கழுவினாள். மதியம்வரை, வெள்ளிக்கிழமை பிள்ளையை அனுப்பாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று பட்டது. அதற்குமேல் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு கேள்வி வந்தது. மூன்றாவது கடிதத்தை அவர் பார்த்துக்கொள்வார், சரி. பதினெட்டு நாள் அப்படியேதானே இருக்கும்? அடுத்த மாதம் இன்னொரு பதினெட்டு வந்தால்? ஐந்து மாதம் கழித்து ஈப்போ டாக்டர் பள்ளி அறிக்கை கேட்டால், பிள்ளை பள்ளிக்கே போவதில்லை என்றா காட்டுவது? சாயங்காலம் மேனேஜரிடம் போய் வெள்ளிக்கிழமையும் லீவு கேட்டாள்.

வெள்ளியன்று தனுஜாவை வேனில் ஏற்றி, தானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். காளிமுத்து கண்ணாடியில் பார்த்து, "என்னா திலகா, நீயும் மூணாம் ஆண்டா?" என்றார்.

அன்றைக்கு மட்டும் மொத்தப் பள்ளியையும் அந்த ஒரே அறையில் உட்கார வைத்திருந்தார்கள். பெற்றோர் சிலரைத் திட்டத்துக்குக் கைதட்டுவதற்காக அழைத்து வகுப்பின் பின்பக்கம் நாற்காலி போட்டிருந்தார்கள். திலகா அங்கே போய் உட்கார்ந்தாள். தனுஜா தன் இடத்தில் உட்கார்ந்தாள். அதிகாரியோடு உள்ளே வந்த நாகரத்தினம் இருவரையும் பார்த்தபோது அவர் முகம் பதாகையில் இருந்த முகம்போல் இல்லை. யுவனேஸ்வரியின் காதில் ஏதோ சொன்னார். பிறகு மலாயில் ஒரு நீண்ட வரவேற்புரையைத் தொடங்கினார்.

"தமிழ்லயே சொல்லுங்க சார்," என்றார் அதிகாரி. பெயர் ஹஃபீஸ். "நானும் தானா ராத்தாக்காரன்தான். எங்க வாப்பா கடையில நீங்க ரொட்டி சாப்பிட்டிருப்பீங்க."

நாகரத்தினம் தமிழில் தொடர்ந்தார். தாத்தா வந்தார், பெரட்டு வந்தது, நூறு விழுக்காடு வந்தது. பிறகு யுவனேஸ்வரி பெயர் கூப்பிட்டாள். இருபத்திரண்டு பெயர். இருபத்திரண்டு "உள்ளேன்." தனுஜாவின் பெயரை அவள் கூப்பிடவே இல்லை. காதில் சொன்ன விஷயம் அதுதான்.

பெற்றோர் கை தட்டினார்கள். ஹஃபீஸும் தட்டினார். அப்புறம் பேனாவை எடுத்துத் தலைகளை எண்ணினார். அதிகாரிகளுக்குச் சில கெட்ட பழக்கங்கள் உண்டு. மறுபடியும் எண்ணினார்.

"இருபத்திரண்டு பேர்தானே வந்திருக்காங்க?"

"ஆமாங்க துவான்."

"எனக்கு இருபத்து மூணு வருதே."

"ஒரு பிள்ளை இன்னைக்கு வரலைங்க துவான்."

"எந்தப் பிள்ளை?"

நாகரத்தினத்துக்கு முப்பது வருட அனுபவம். கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லிப் பழகிய கை, யோசிப்பதற்குள் நீண்டுவிட்டது. "இந்தப் பிள்ளைதான்," என்று அவர் தனுஜாவைக் காட்டினார்.

வகுப்பு மொத்தமும் அவளைப் பார்த்தது. தனுஜா மேசையில் ஒட்டியிருந்த வரவேற்புத் தாளின் பசைநாடாவை உரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றதும் நிமிர்ந்து, "ம்?" என்றாள்.

யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு ஒன்றாம் ஆண்டு முழுவதும் சிரித்தது. திலகா எழுந்து இரண்டு கடிதங்களையும் அதிகாரியிடம் நீட்டினாள். ஹஃபீஸ் வாசித்தார். யுவனேஸ்வரியைப் பார்த்தார்.

"டீச்சர், இந்தப் பதினேழு நாளும் இந்தப் பொண்ணு எங்க இருந்தா?"

யுவனேஸ்வரி தலைமையாசிரியரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "இங்கதான் சார். என் முன்னால. நான்தான் வரலைன்னு தட்டினேன்." சொல்லிவிட்டு, இனிமேல் போக என்ன இருக்கிறது என்பதுபோல் நடந்துபோய்த் தனுஜாவின் தோளில் கை வைத்தாள். "தனுஜா."

தனுஜா எழுந்து நின்றாள். "உள்ளேன் டீச்சர்!" அவ்வளவு சத்தம் தேவையில்லை.

மூன்று மாதம் ஒரு பள்ளிக்கூடத்தால் முடியாத காரியம் நாலு எட்டில் முடிந்தது. திட்டமோ பதாகையோ தேவைப்படவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருந்தால் போதும்.

ஹஃபீஸ் நீதி தேவதை ஒன்றும் இல்லை. அவருடைய கவலை அவருடைய அறிக்கை. இருபத்திரண்டு என்று எழுதிவிட்டு, கூட வைக்கும் வகுப்புப் படத்தில் இருபத்து மூன்று தலை இருந்தால் அவர் மேலதிகாரி அவரைக் கேட்பார். "இதைச் சரி பண்ணிருங்க சார், இன்னைக்கே," என்று சொல்லிவிட்டு, வைத்திருந்த கேக்கைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அது போதுமானதாக இருந்தது. நல்லெண்ணத்தை நம்பியிருந்தால் திலகா இன்னும் சன்னலுக்கு வெளியே நின்றிருப்பாள்.

அறைக்குள் நாகரத்தினம் கடிதம் எழுதினார். முதல் படியில், 'மாணவியின் வருகை மறுபரிசீலனை செய்யப்படுகிறது' என்று இருந்தது. திலகா திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவதில், 'தொழில்நுட்பக் கோளாறு' என்று இருந்தது.

"பதினெட்டு நாளும் வந்தாள்னு எழுதுங்க சார்."

"அப்படி எழுதினா, நான் பொய் எழுதின மாதிரி ஆயிடுமேம்மா."

"ஆமா சார்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குடும்பத்திலிருந்து இப்படியொரு பதிலை அவர் தாத்தாகூடக் கேட்டிருக்க மாட்டார். எழுதினார். முத்திரை குத்தினார். போகும்போது, தொட்டுக் கூப்பிடுவதையும் திட்டத்தில் சேர்த்து 'தொடுகல்வி' என்று விரிவுபடுத்த ஓர் எண்ணம் இருப்பதாகவும், புதுப் பதாகைக்குத் தனுஜாவின் படம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். திலகா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

திரும்பும் வேனில் தனுஜா சன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு வந்தாள்.

"அம்மா, நீ ஏம்மா இன்னைக்கிப் பள்ளிக்கூடம் வந்த?"

அத்தனையும் அவள் கண் முன்னால்தான் நடந்தது. திலகாவுக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது. கடிதம் மடியில் இருந்தது. நாகரத்தினத்திடம் எழுதி வாங்கியாயிற்று. இவளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியவள் யார்?

"உன்னை அன்னைக்கு அடிச்சேன்ல. அது தப்பு."

"என்னைக்கு?"

மறந்துவிட்டாள் என்று திலகாவுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. எந்த வேலையையும் முடிக்கத் தெரியாத பிள்ளை, இந்த ஒன்றையும் பாதியில் விட்டிருக்கக்கூடாதா என்று ஆசைப்பட்டாள். தலைமையாசிரியரைக் கேவலமாக நினைத்தவளுக்கு அந்த ஆசை கொஞ்சம் கேவலமாகத்தான் இருந்தது.

"கரண்டியால," என்றாள்.

"ஓ, அதுவா." தனுஜா சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பித் தாயை நேராகப் பார்த்தாள். "ரெண்டு தடவை அடிச்ச. இங்கயும், இங்கயும். நான் போனேன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"அப்புறம்?"

வளைவில் ஒரு முட்டைக்கோசு லோரி எதிரே வந்து வேனை ஓரங்கட்டியது. தனுஜா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.